தொட்டியைவிடச் சருகு முக்கியம்: யீஷூன் சமூகத் தோட்டத்தில் மக்கு உரம் செய்த அனுபவம்

மக்கு உரத் தொட்டி வாங்கலாமென்று இருக்கிறேன், எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சருகு வைக்க இடம் இருக்கிறதா?" மூடி போட்ட பொகாஷி வாளி, கைப்பிடி வைத்துச் சுழற்றும் உருளை, பலகை அடித்த பெட்டி என்று மூன்றையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியாயிற்று. மூன்றிலும் உரம் வருகிறது. கையிருப்பில் சருகு தீர்ந்துவிட்டால் மூன்றும் தடுமாறுகின்றன. சிங்கப்பூரில் பச்சைக் கழிவுக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. காய்ந்ததைச் சேர்த்து, நனையாமல், கொசு வராமல் காப்பாற்றத் தெரிந்தவருக்குத் தொட்டி எதுவானாலும் சரி.

எங்களுடையது யீஷூனில் அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு தீவு முழுக்க இப்படிப்பட்ட தோட்டங்கள் பெருகின. வெண்டை, பாகல், புடலை, முருங்கை, கறிவேப்பிலை நம் பங்கு. மலாய் வீட்டு அக்காமார் செரையும் (எலுமிச்சைப்புல்) பாண்டானும் (சமையலுக்குப் போடும் வாசனை இலை) வைத்திருக்கிறார்கள். சீன அங்கிள் ஒருவர் வள்ளிக்கிழங்குக் கீரையைப் பாத்தி நிறைய விட்டிருக்கிறார். குளிர்காலம் இல்லாத ஊர், ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. செடி வளர்வதும் நிற்காது, வெட்டிப் போடுவதும் நிற்காது. புடலங்கொடியைப் பந்தலிலிருந்து இறக்கும் நாளில் ஒரு ஆள் சுமக்க முடியாத அளவு குவியும்.

இதையெல்லாம் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டால் எரியுலைக்குப் போகும். எரித்தால் கொள்ளளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும், மீதிச் சாம்பல் செமாக்காவ் தீவின் குப்பை நிரப்புநிலத்துக்குப் போகும். 1999ல் திறந்த அந்த இடம்தான் நாட்டில் இருக்கும் ஒரே நிரப்புநிலம். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். 2022ல் இந்நாட்டில் சேர்ந்த உணவுக்கழிவு மட்டும் ஏறத்தாழ 813,000 டன், அதில் மறுபயனீடு ஆனது 18 விழுக்காடு. பெரும்பகுதி தண்ணீராக இருக்கும் காய்கறித் தோலை நெருப்பில் போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். மறுபயனீடுதானே என்று நீலத் தொட்டியில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். அது தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கானது. அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு ஏற்கெனவே சேரக்கூடாத பொருளாகவோ அழுக்கானதாகவோ இருக்கிறது. ஈரத் தழையும் சோறும் விழுந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல தாளும் வீணாகும்.

முதலில் பொகாஷி வாளி. வீட்டுக்குள் வைக்க இதைவிடத் தோதானது இல்லை. ஜப்பானிய முறை. தவிட்டில் நுண்ணுயிர் ஏற்றிக் காயவைத்த தூளை, கழிவு ஒரு அடுக்கு, தூள் ஒரு அடுக்கு என்று போட்டு, காற்றுப் புகாமல் அமுக்கி மூட வேண்டும். சோறு, மீன் முள், குழம்பில் மிஞ்சிய காய், மற்ற முறைகளில் சேர்க்கத் தயங்கும் எல்லாமே இதில் போகும். சரியாக நடந்தால் பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு வாசனைதான் வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அடிக்குழாயைத் திறந்து சாற்றை வடிக்க வேண்டும். அந்தச் சாற்றை நூறு பங்கு தண்ணீர் கலந்தே செடிக்கு ஊற்றலாம், அப்படியே ஊற்றினால் புளிப்பில் வேர் வெந்துவிடும்.

வாங்குமுன் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. வாளி நிறைந்து இரண்டு வாரம் மூடியிருந்த பிறகும் அது உரம் ஆகியிருக்காது, புளித்த கழிவாகத்தான் இருக்கும். மண்ணில் புதைத்து மேலும் இரண்டு மூன்று வாரம் விட்டால்தான் மக்கும். அடுக்குமாடியில் மண்ணுக்கு எங்கே போவது? நான் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய செடித் தொட்டி மண்ணும் சருகும் கலந்த பெரிய டப்பில் புதைக்கிறேன். தோட்டம் எட்டாதவர்கள் வீட்டிலேயே மூடியுள்ள ஒரு பெரிய பெட்டியில் மண்ணோடு செய்யலாம். அதுவும் முடியாதென்றால் பொகாஷி வேண்டாம், நிறைந்த வாளிகள் சமையலறையில் வரிசை கட்டி நிற்கும்.

சுழலும் உருளையை நான் சுமாராகத்தான் மெச்சுவேன். தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் எலி ஏறாது, மழை உள்ளே போகாது, முதுகு வளையாமல் கிளறலாம். வயதானவர்கள் அதிகமுள்ள தோட்டத்தில் அந்தக் கடைசி வசதி பெரிய விஷயம். ஆனால் ஈரக் கழிவு மிகுந்தால் சுழற்றச் சுழற்றக் களிமண் உருண்டை போல் திரண்டு, உருண்டைக்குள் காற்றுப் போகாமல் கெட்ட வாடை பிடிக்கும். கூடவே, உள்ளே இருப்பது மக்கி முடியும்வரை புதிதாகப் போடக்கூடாது. இரண்டு அறை உள்ள உருளையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இந்த ஊர் வெயிலில் மலிவான பிளாஸ்டிக் சீக்கிரம் வெடிக்கிறது, சாதா இரும்புத் திருகுகள் துருப்பிடித்துக் கைப்பிடி ஆடுகிறது. திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிய பிறகுதான் எங்களுடையது நிலைத்தது.

தோட்டத்தின் உழைப்பாளி என்றால் அந்தப் பலகைப் பெட்டிதான். பக்கத்துக்கு ஒரு மீட்டர், ஒட்டியபடி மூன்று அறைகள். ஒன்றில் புதிது போடுவோம், அடுத்ததில் புரட்டிப் போட்டது வேகும், மூன்றாவதில் முடிந்தது ஆறும். ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் குவியலில் சூடு நிற்காது என்பதால் இந்த அளவு. சரக்கு பேலட் பலகைகளால் அடித்தோம். பேலட் எடுக்கும்போது முத்திரையைப் பாருங்கள்: 'எச்.டி.' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, உணவுச் செடிக்குப் போகும் உரத்தின் பக்கத்தில் அது வேண்டாம். அடியிலும் பக்கங்களிலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத துளையுள்ள கம்பிவலை கட்டாயம், இல்லையென்றால் எலி குடியேறும். இந்தப் பெட்டியில் சமைத்த உணவும் மீனும் போடுவதில்லை என்பது எங்கள் தோட்டத்தின் முதல் விதி.

ஒரு பங்கு பச்சைக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு சருகு, கொள்ளளவில். நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்கறித் தோலிலும் காப்பிச் சக்கையிலும் கரிமம் அதற்குக் குறைவு, சருகில் அதைவிட மிக அதிகம். இரண்டும் சேரும்போது சரியாகிறது. கோப்பிக் கடைச் சக்கை நிறத்தில் பழுப்பானாலும் கணக்கில் பச்சைதான். ஈரம், கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும், அவ்வளவே. விகிதம் சரியாக அமைந்த குவியலில் ஓரிரு நாளில் நீண்ட வெப்பமானியைச் செருகினால் 55 பாகையைத் தாண்டும். அந்தச் சூடு சில நாள் நிலைத்தால் களை விதையும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் சாகும். ஓரத்தில் இருப்பது சூடாகாது, ஆகவே புரட்டி உள்ளே தள்ள வேண்டும்.

இப்போது சருகு. தூங்குமூஞ்சி மரத்துச் சருகு கிடைத்தால் விடாதீர்கள். சிறு சிறு இலை, அவரைக் குடும்பம், வேகமாக மக்கும். நாட்டு வாதுமை இலை தடித்தது, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தட்டுப்போல் படிந்து காற்றை அடைக்கும், நறுக்கித்தான் போட வேண்டும். மூங்கில் இலைக்குப் பொறுமை வேண்டும். எங்களுக்குச் சருகு கொடுப்பவர் புளோக்கைச் சுற்றிக் கூட்டும் தம்பி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். "அக்கா, இன்னைக்கு நல்லாக் காஞ்சிருக்கு, நாலு மூட்டை கட்டி வச்சிரவா?" என்று கேட்பார். "நனைஞ்சது மட்டும் வேணாம் தம்பி" என்பேன். புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது எல்லோருக்கும் நல்லது, அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. பூங்காக்களிலிருந்து அனுமதி இல்லாமல் அள்ளக்கூடாது. மூட்டையைக் கொட்டி சிகரெட் துண்டு, டிஷ்யூ, ஸ்ட்ரா எல்லாம் பொறுக்கிய பிறகே சேமிப்புக்குப் போகும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைந்து மரங்கள் இலை உதிர்க்கும். அதுதான் அறுவடைக் காலம் மாதிரி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் காய்ந்த சருகு கண்ணில் படாது, அந்த மாதத்துக்கும் சேர்த்து அப்போதே நிரப்பி வைக்க வேண்டும். அரிசி மூட்டையின் பின்னல் சாக்கு இதற்குத் தோதானது. காற்றுப் போகும், கிழியாது. தோட்டக் கொட்டகையின் கூரைக்கடியில், தரையில் படாமல் செங்கல்மேல் பலகை போட்டு அடுக்குகிறோம். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடினால் அதன் மடிப்பில் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயம் அளவுத் தண்ணீரே போதும், ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். வாரத்துக்கு இருமுறை யாராவது ஒருவர் மூட்டைகளையும், தலைகீழாய்க் கவிழ்க்காத பூச்சட்டிகளையும், கழிவுச்சாறு பிடிக்கும் வாளியையும் பார்த்துவிட வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். டெங்கிக்கு இடம் கொடுத்த தோட்டம் அக்கம்பக்கத்தின் நம்பிக்கையை இழந்துவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல உரமும் அதை மீட்டுத் தராது.

வீட்டுத் தாழ்வாரத்தில் சருகு மூட்டை வைக்கவே கூடாது. தீப்பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி அது. செடித் தொட்டி வைத்தாலும் 1.2 மீட்டர் நடைபாதை விட்டிருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த வாரம் தனி. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கமிருந்து வாங்கிவந்த கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழையிலையும் வீடு வீடாக மிஞ்சும். மஞ்சள் இலையும் வாழையிலையும் அப்படியே போகும். கரும்பைக் கணுக்கணுவாக வெட்டிப் பிளந்து போட்டால்தான் மக்கும், இல்லாவிட்டால் அடுத்த தைக்கும் கரும்பாகவே கிடக்கும். சாமிப் படத்துக்குப் போட்ட மாலையில் நைலான் நூலும் ஜிகினாவும் இருக்கும், உருவி எடுங்கள்.

சேர்க்காதவை: சாம்பல் நோய் பிடித்த பாகல் கொடி, வேரில் முடிச்சு விழுந்த வெண்டை, அண்மையில் பூச்சிக்கொல்லி தெளித்த எதுவும். சூடு ஒழுங்காக ஏறாத குவியலில் இவை நோயை அடுத்த பாத்திக்குக் கடத்தும். தனிப் பையில் இறுகக் கட்டிக் குப்பைக்கே அனுப்பிவிடுகிறோம்.

குவியலில் நெளியும் புழுக்களைப் பார்த்துப் பலர் ஓடுகிறார்கள். சாம்பல் பழுப்பில் தட்டையாக இருப்பது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்னும், வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈ போல் சாப்பாட்டை மொய்க்காது. அவை பெருகினால் பச்சை அதிகம் என்று பொருள், சருகு சேர்க்கலாம். விரல் தடிமனில் வெள்ளையாக, வளைந்து சுருண்டு கிடப்பது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வண்டானதும் தென்னையைக் குடையும். அதை மட்டும் பொறுக்கி அழித்துவிடுவோம்.

கையுறை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்து மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது. தோலில் உள்ள காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ புகும், கனமழைக்குப் பின் கூடுதல் கவனம் தேவை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலென்று எல்லோருக்கும் தெரியும். உரத்தூளை மூச்சில் இழுப்பதால் ஒருவகை லெஜியோனெல்லா நுரையீரல் தொற்றும் வரலாம். ஆஸ்திரேலியாவில் மண் பைகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், ஜொகூர் எஸ்டேட்டில் வெறுங்காலோடு வளர்ந்தவர், "மண்ணுல என்னம்மா பயம்?" என்பார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. "பயமில்லைங்கய்யா, பூட்ஸ் மட்டும் போட்டுக்குங்க" என்று நானே எடுத்துக் கொடுப்பேன், இப்போது கேட்காமலே போட்டுக்கொள்கிறார். புரட்டும்போதும் சலிக்கும்போதும் முகக்கவசம், லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது, முடிந்ததும் சோப்பு. காயம் இருக்கும் நாளில் குவியல் பக்கம் போகவே வேண்டாம்.

இந்த ஊர்ச் சூட்டுக்கு, ஒழுங்காகப் புரட்டினால் ஏறக்குறைய இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயாராகும். கறுத்து, போட்ட பொருள் எதுவும் அடையாளம் தெரியாமல், மழை நின்ற மண்ணின் வாசனை வரவேண்டும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் உரத்தைத் தொட்டி மண்ணோடு கலந்து கீரை விதை தூவிப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் எடுக்கலாம். முளை கருகினால் மூன்றாம் அறையில் இன்னும் சில வாரம் ஆறட்டும். சலித்த உரத்தைச் சாக்கில் கட்டி நிழலில், லேசான ஈரத்தோடு வையுங்கள். முழுக்க உலர்ந்தால் தூசியாகப் பறக்கும், தண்ணீர் பட்டாலும் முதலில் உறிஞ்சாது. சல்லடையில் தங்கிய குச்சிகளை எறியாமல் புதிய குவியலின் அடியில் பரப்பினால் கீழிருந்து காற்று ஏறும். எங்கள் முதல் அறை எப்போதும் அப்படித்தான் தொடங்குகிறது.