தைமினைப் பற்றுவது எது: நாக வளையமா, நிக்கல் வளையமா?

களுவாஞ்சிக்குடியில் நான் எடுக்கும் உயர்தர இரசாயனவியல் வகுப்பில் மூலக்கூறுகளை ஈர்க்கிலும் களிமண்ணிலும்தான் செய்து பார்க்கிறோம். அடினினும் தைமினும் குவானினும் டி.என்.ஏ.யின் மூலங்கள் (bases). சென்ற வாரம் ஒரு மாணவி அடினினைக் கொண்டுவந்து, நாகத்தை (துத்தநாகம், zinc) ஏந்திய வளையத்தின் மேல் வைத்து அழுத்தினாள். பொருந்தவில்லை. அமினோக் கூட்டத்தின் ஈர்க்கு வளையத்தின் ஈர்க்கில் முட்டி வளைந்தது. "சேர், தைமின் மட்டும் எப்படிப் பொருந்துகிறது?" என்றாள்.

நாகத்தை ஏந்தும் அந்த வளையம் சைக்கிளென், நான்கு நைதரசனும் எட்டுக் காபனும் கொண்ட 12 அணு வளையம். அதன் குழி நாக அயனுக்குச் சற்றுச் சிறியது. ஆகவே நாகம் நடுவில் அமராமல் மேலே எழும்பி நிற்கிறது. ஐந்தாவது இடம் அங்கே திறந்திருக்கிறது. தைமின் தன் மூன்றாம் நைதரசனின் புரோத்தனை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பற்றுகிறது. அதன் இருபுறத்துக் காபனைல் ஒட்சிசன்களும் வளையத்தின் நைதரசன்களிலுள்ள ஐதரசன்களோடு பிணைகின்றன. ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதிலாக வரும் யூரசிலுக்கும் இதே வாய்ப்பு உண்டு. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் எய்ஜி கிமுரா குழு 1993இல் இதைக் காட்டியது.

குவானின்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதற்கும் கழலக்கூடிய புரோத்தன் இருக்கிறது. தைமிடினில் (சர்க்கரையோடு சேர்ந்த தைமின்) அது பி.எச். 9.8 அளவில் கழல்கிறது, குவானோசினில் (சர்க்கரையோடு சேர்ந்த குவானின்) 9.2 அளவிலேயே. கழலும் எளிமை மட்டும் போதுமென்றால் குவானினே முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. ஒருபுறம் ஒட்சிசன் இருந்தாலும் மறுபுறம் அமினோக் கூட்டம் நின்று தள்ளுகிறது. தெரிவைத் தீர்மானிப்பது உலோகம் மட்டுமல்ல, அதன் அக்கம்பக்கமும்தான்.

14 அணு வளையமான சைக்கிளாமில் நிக்கல் குழியின் நடுவிலேயே, தளத்தோடு தளமாக அமர்கிறது. இரசாயனவியலாளர்கள் சிந்தியா பரோஸ், ஸ்டீவன் ரொக்கிட்டா ஆகியோர் இவ்வகை நிக்கல் வளையங்களை வலிய ஒட்சியேற்றியோடு சேர்த்துப் பயன்படுத்தினர். இலக்கு குவானினின் ஏழாம் நைதரசன். அது வெளியே தெரியும் இடங்களில் தாக்கம் நிகழ்கிறது. ஆர்.என்.ஏ. எப்படி மடிந்திருக்கிறது என்று அறிய அருமையான கருவி. ஆனால் தொட்ட மூலத்தைச் சிதைத்துவிடுகிறது. பிடித்து வைத்திருக்க வேண்டுமென்றால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நாக சைக்கிளெனில் தட்டையான வளைய மூலக்கூறான அக்ரிடினை இணைத்தால் அது தைமின்மேல் தட்டாகப் படிந்து பிடியை இறுக்குகிறது. வலிமை கூடுகிறது என்பது உண்மை. இருந்தும் அக்ரிடின் தனியாகவே எந்த இரட்டை இழைக்குள்ளும் செருகிக்கொள்ளும் பொருள் என்பதால் எனக்குத் தயக்கம் உண்டு.

அதைவிட இரண்டு நாக சைக்கிளென்களை ஒரு பென்சீன் பாலத்தால் இணைப்பதே மேல். ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரு தைமின்களை அது சேர்த்துப் பற்றும். புறஊதா ஒளியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பழுதாவதையும் தடுக்கும். அந்த மாணவி அடுத்த வகுப்புக்கு அதையே செய்து வருவதாகச் சொல்லி, ஒரு கட்டு ஈர்க்கை எடுத்துச் சென்றிருக்கிறாள்.