தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு: பை நல்லது, விற்கிற பேச்சு சரியில்லை

என் தங்கச்சிக்குத் தை மாதம் பிள்ளை பிறந்தது. அதற்கு முன்பே, தொப்புள்கொடி இரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்கள் (புது இரத்தச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) பின்னாளில் சிகிச்சைக்கு உதவும் என்று அந்த இரத்தத்தைச் சேமிக்கும் ஒரு கொம்பனியில் 20 வருடத் திட்டத்துக்குப் பதிந்திருந்தாள். நான் பல வருடம் ஆஸ்பத்திரி லாப்பில் இரத்தச் செல்களை எண்ணிய ஆள். இரத்தம் சேகரிக்கக் கொம்பனி அனுப்பிய பெட்டி வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த அன்றே திறந்து பார்த்தேன்.

பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் திரவம் விட்ட பை, தாயின் இரத்தத்துக்குத் தனிக் குழாய்கள், எல்லாவற்றிலும் ஒரே பார்கோட். பிரசவம் இரவு இரண்டரைக்கு. நாலரைக்கெல்லாம் மழையில் நனைந்தபடி ஒரு பொடியன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். கொடியை ஒரு நிமிடம் பொறுத்து வெட்டும்படி டொக்டரிடம் முதலே கேட்டிருந்தோம், பிள்ளைக்குப் போகிற இரத்தம் முதலில் போகட்டும் என்று. அப்படியும் 60 மில்லிலீற்றர் சேர்ந்தது.

பிறகு ரிப்போட் வந்தது. மொத்தம் 520 மில்லியன் உட்கரு உள்ள செல்கள், ஸ்டெம் செல்களும் இவற்றுக்குள்தான். நோயுற்ற இரத்தச் செல்களுக்குப் பதிலாக இவற்றை ஏற்றும் மாற்றுச் சிகிச்சைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லியனாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வகுத்துப் பார்த்தால் 20 கிலோ சொச்சம். சின்னப் பிள்ளைக்குக் காணும், வளர்ந்த ஆளுக்குக் காணாது. 1988இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி மாற்றுச் சிகிச்சைகூட ஃபன்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள 5 வயதுப் பையனுக்குத்தான், புதிதாகப் பிறந்த தங்கச்சியின் இரத்தத்தால்.

கொம்பனிக்குப் போன் எடுத்து, இந்த எண்ணிக்கை குறைவில்லையா என்று கேட்டேன். "அக்கா, குறைவெண்டு யோசிக்காதீங்க. இப்ப லாப்பில வளர்த்து எடுக்கலாம்" என்றார் அங்கே பேசிய பிள்ளை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

வளர்க்கலாம், பொய்யில்லை. ஆனால் ஸ்டெம் செல்லைச் சும்மா பெருகவிட்டால் அது முதிர்ந்து சாதாரண இரத்தச் செல்லாகிவிடும், எண்ணிக்கை கூடினாலும் புதிதாக இரத்தம் உண்டாக்கும் வேர் போய்விடும். அந்த முதிர்ச்சியைப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டமான வேலை. ஒமிடுபிசெல் என்ற சிகிச்சையில் பி3 விற்றமின் வகையான நிகொட்டினமைட் அதைச் செய்கிறது. ஒரு பையிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து மூன்று கிழமை வளர்க்கிறார்கள். மிச்சத்தை வளர்க்காமல் உறையவைத்து, இரண்டையும் நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். 125 பேரில் செய்த பரிசோதனையில் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில் செல்கள் திரும்ப 12 நாள்தான் எடுத்தது, வளர்க்காத இரத்தத்தில் 22 நாள். கிருமித் தொற்றுக்கு உடம்பு திறந்து கிடக்கும் நாட்கள் அவை, பத்து நாள் மிச்சமாவது சின்ன விசயமில்லை. 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

யாருக்கு? 12 வயதும் அதற்கு மேலுமான இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு. எதிலிருந்து? வேறொரு பிள்ளையின், பொருத்தம் பார்த்த இரத்தத்திலிருந்து. தன் இரத்தத்தில் தன் நோயின் விதையே இருக்கலாம் என்பதால் சொந்தப் பை அங்கே உதவாது. பரம்பரை இரத்த நோயான தலசீமியாவும் அப்படித்தான், குறை பிறப்பிலேயே அந்தச் செல்லுக்குள் இருக்கிறது. இதை ஒரு கர்ப்பிணியிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்கக்கூடாது.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ இரத்த நோய் இருக்கிற வீடென்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கட்டாயம் சேமியுங்கள். மற்றவர்கள் மில்லிலீற்றரைப் பார்க்காமல் செல் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

தங்கச்சி தவணையை நிறுத்தவில்லை, அது அவளுடைய முடிவு. எங்கள் பையை எந்த லாப்பில், யாருக்காக வளர்ப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு அனுப்பினேன். மூன்று கிழமையாகப் பதில் இல்லை.