வேலைகளின் எதிர்காலம் 2025 அறிக்கை: அந்த 7.8 கோடியோடு நிறுத்தி விடாதீர்கள்

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட இந்த அறிக்கையிலிருந்து "7.8 கோடி வேலைகள் கூடும்" என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி எங்கள் டீம் குரூப்பில் போட்டிருந்தார்கள். கீழே ஒருவர் அப்போ பயப்பட ஒன்றுமில்லை என்றார், இன்னொருவர் சுத்தப் பொய் என்றார், ரெண்டு பேருமே அறிக்கையைத் திறந்து பார்க்கவில்லை. நான் 11 வருஷமாக மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன், அடுத்து எதைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தே ஆக வேண்டிய நேரம் இது, அதனால் பிடிஎஃப்-ஐ இறக்கி நாலு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். காசு கொடுக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் அந்த எண். 2030-க்குள் 17 கோடி வேலைகள் புதிதாக வரும், 9.2 கோடி வேலைகள் போகும், கழித்தால் மிச்சம் 7.8 கோடி. சரி, இது எங்கிருந்து வந்தது? 55 நாடுகளில் 1,000-க்கும் மேற்பட்ட முதலாளி நிறுவனங்களிடம் கேட்டிருக்கிறார்கள், அவற்றில் வேலை செய்பவர்கள் 1.4 கோடிக்கு மேல். அந்தப் பதில்களை வைத்து உலகம் முழுக்க உள்ள சுமார் 120 கோடி முறைசார்ந்த (அதாவது அதிகாரப்பூர்வமாகப் பதிவாகும்) வேலைகளுக்கு விரித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது இது நிறுவனங்கள் இன்றைக்கு மனதில் வைத்திருக்கும் திட்டம். ஆளெடுப்புத் திட்டம் ஒரு காலாண்டு முடிவு மோசமாக வந்தாலே மாறிவிடும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் மெட்டா 11,000 பேரையும் கூகுள் 12,000 பேரையும் வெளியே அனுப்புவதாக அறிவித்தபோது அதற்கு ஒரு வருஷம் முன்புவரை இரண்டும் மும்முரமாக ஆளெடுத்துக்கொண்டுதான் இருந்தன.

இதே அறிக்கையின் பழைய பதிப்புகளையும் புரட்டினேன், எனக்கு ரொம்ப உதவியது அதுதான். 2016-இல் சுமார் 50 லட்சம் வேலைகள் குறையும் என்றார்கள். 2018-இல் 5.8 கோடி கூடும். 2020-இல் 1.2 கோடி கூடும். 2023-இல் 1.4 கோடி குறையும். இப்போது 7.8 கோடி கூடும். ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட நாடுகள் வேறு, கணக்கின் அடித்தளமே வேறு (2023-இல் 67.3 கோடி வேலைகளை வைத்துக் கணக்கிட்டார்கள்), அதனால் ஒன்றை இன்னொன்றோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பது நியாயம்தான். ஆனால் இப்படி ஏறி இறங்கும் ஒரு எண்ணை நம்பி யாரும் வீட்டுக் கடன் வாங்கக் கூடாது.

அப்புறம் இன்னொன்று, வேலைகளின் எண்ணிக்கை அதிகம் கூடப்போவதில் முதலிடம் விவசாயத் தொழிலாளர்களுக்கு. அடுத்து டெலிவரி வண்டி ஓட்டுபவர்கள், அதற்கடுத்துதான் மென்பொருள் உருவாக்குபவர்கள். பெரிய தரவு (பிக் டேட்டா, அதாவது ஏராளமான தகவல்களை அலசுவது), நிதித் தொழில்நுட்பம், ஏஐ வல்லுநர்கள் எல்லாம் சதவீதத்தில்தான் வேகமாக வளர்கிறார்கள். இந்த ரெண்டு பட்டியலையும் குழப்பி "ஏஐ வேலை கோடிக்கணக்கில் வருகிறது" என்று கோர்ஸ் விற்பவர்கள் ஏராளம். தயவுசெய்து ஏமாறாதீர்கள்.

தொழில் போக்குகள் பற்றிய பகுதி நன்றாகவே இருக்கிறது. தங்கள் தொழிலை ஏஐ மாற்றிவிடும் என்று 86% நிறுவனங்கள் சொல்கின்றன, விலைவாசி மாற்றும் என்று பாதிப் பேர், மந்தமான வளர்ச்சி மாற்றும் என்று 42% பேர். வேலை போவதற்கு ஏஐ மட்டும் காரணமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஏஐ விஷயத்தில் 77% நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவோம் என்கின்றன, 41% ஆட்களைக் குறைப்போம் என்கின்றன. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று முதலில் குழம்பினேன். ஒரே நிறுவனம் ரெண்டுக்கும் ஆம் சொல்லியிருக்கலாம். அதுதான் நிஜமும்: பக்கத்து டீமுக்குப் பயிற்சி நடக்கும் அதே மாதத்தில் உங்கள் டீம் சுருங்கும்.

குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதில் எனக்குக் கோபமே வந்தது. வேலைப் பட்டியலில் மென்பொருள் உருவாக்குபவர் என்று ஒரே தலைப்புதான். 15 வருஷ அனுபவம் உள்ளவரும் நேற்று கல்லூரி முடித்தவரும் ஒரே வரியில். ஏஐ கருவிகள் முதலில் எடுத்துக்கொள்வது ஃப்ரெஷர்களுக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளைத்தான். அந்தப் படியே இல்லாமல் போனால் அவர்கள் எங்கே ஏறுவார்கள்? அந்தப் பட்டியலில் இதற்குப் பதில் தேடினால் கிடைக்காது. இப்போது படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். முழுவதும் வேண்டாம், கிட்டத்தட்ட 300 பக்கம். திறன்கள் பற்றிய அத்தியாயத்தையும், பின்பக்கம் இருக்கும் துறைவாரி, நாடுவாரிப் பக்கங்களில் உங்களுடையதையும் படித்தால் போதும். 2030-க்குள் முக்கியத் திறன்களில் 39% மாறும் என்கிறார்கள். 100 ஊழியர்களில் 59 பேருக்குப் பயிற்சி தேவைப்படும், அதில் 11 பேருக்கு அது கிடைக்க வாய்ப்பில்லை என்று ஒரு கணக்கு இருக்கிறது. என்னைத் தூங்க விடாத எண் அதுதான். 7.8 கோடியில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேட முடியாது, இந்த 11-இல் இருக்கிறேனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். மறுநாளே மேனேஜரிடம் போய், அடுத்த வருஷப் பயிற்சிப் பட்டியலில் சோதனை டீம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றார். சேர்க்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன், டீமில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.