உப்புக் காற்றில் டிபி பாக்ஸும் எம்சிபியும்: பாம்பன் முதல் சாயல்குடி வரை

கடலோர வீடுகளில் எம்சிபி (லோடு ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கெட்டுப்போவது குறைவு. அதைத் தாங்கி நிற்கும் பெட்டி (டிபி), திருகு, நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பித்தளைக் கட்டை), வயர் முனை ஆகியவைதான் முதலில் போகும். ராமேஸ்வரம் தீவு, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று எந்தப் பக்கம் போய்ப் பல வருஷம் ஓடிய டிபியைத் திறந்தாலும் இதுதான் கதை. கடையில் நடப்பதோ தலைகீழ். எந்தக் கம்பெனி எம்சிபி என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, "பெட்டி ஏதாச்சும் ஒண்ணு குடுங்கண்ணே" என்று வாங்கிப் போவார்கள்.

உப்பு தூசியாகப் படிந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் இரவும் விடிகாலையும் பெரும்பாலும் அந்த நிலைதான். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. தீவுக்குள்ளேயே பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் உண்டு. ஆண்கடலை (மன்னார் வளைகுடா) பார்த்த வீடுகளுக்கு வைகாசி தொடங்கி ஆவணி வரை உப்புச் சாரல். பெண்கடல் (பாக் நீரிணை) பக்கத்துக்கு வாடை வீசும் மாதங்களில். டிபியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதை இதை வைத்து முடிவு செய்ய வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் உள்சுவர் இருந்தால் அதுவே நல்ல இடம்.

பவுடர் கோட்டிங் போட்ட இரும்புப் பெட்டி முன்பக்கம் வருஷக்கணக்கில் பளபளவென்றே இருக்கும். துரு பிடிப்பது வயர் நுழையத் தட்டி எடுக்கும் நாக் அவுட் துளையின் விளிம்பில். தட்டி எடுத்த இடத்தில் கோட்டிங் இல்லாத வெறும் தகடு தெரியும். அங்கே தொடங்கி கோட்டிங்குக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். அடுத்தது கதவுக் கீல். மாட்டுகிற அன்றைக்கே துளை விளிம்பில் பிரைமர் தடவி, ரப்பர் கிராமெட் (துளைக்கு மாட்டும் வளையம்) போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பத்து நிமிஷ வேலை, செய்பவர்கள் குறைவு. கூடவே சுவருக்குள் வரும் பைப் வாயை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப் உப்புக் காற்றை நேராகப் பெட்டிக்குள் ஊதிக்கொண்டிருக்கும். காலியாக இருக்கும் வழிகளுக்கு (எம்சிபி மாட்டும் இடங்களுக்கு) டம்மி பிளேட் என்னும் மூடி கட்டாயம். பல்லி உள்ளே போய் பஸ்பாரில் (எம்சிபிகளுக்குக் கரண்ட் பகிரும் செம்புப் பட்டை) ஒட்டிக்கொண்டால் மெயினே விழும், அதாவது ட்ரிப் ஆகும்.

வீட்டுக்குள் என்றால் இரட்டைக் கதவு இரும்புப் பெட்டி போதும். வெளியே, மோட்டார் கொட்டகை, இறால் பண்ணை, ஐஸ் கம்பெனி முற்றம் என்றால் இரும்பை மறந்துவிடுங்கள். ஐபி 65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) பாலிகார்பனேட் பெட்டி, துருப்பிடிக்காத 316 ஸ்டீல் திருகு. வயர் எல்லாம் அடிப்பக்கமாக, கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மரை) போட்டு ஏற வேண்டும். முழுக்க அடைத்த பெட்டி உள்ளுக்குள்ளே வியர்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பகல் வெயிலில் சூடான காற்று ராத்திரி குளிர்ந்து சொட்டாக இறங்கும். அடியில் ஈரத்தை வெளியேற்றும் பிரீதர் பிளக் ஒன்று போடாவிட்டால் மழையே படாத பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும்.

உயிர்நாடி நியூட்ரல் லிங்க். பித்தளைக் கட்டை நன்றாகவே இருக்கும், அதில் போட்ட இரும்புத் திருகு துருப்பிடித்து இறுகிப்போகும், வயர் மேல் பச்சைக் களிம்பு ஏறும், இறுக்கப் போனால் திருகுத் தலை வழுக்கும். சிங்கிள் பேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டால் லைட் அணையும், அவ்வளவுதான். த்ரீ பேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டால் ஒரு பேஸில் இருக்கும் டிவியும் இன்னொரு பேஸில் இருக்கும் பிரிட்ஜும் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக ஓடும் பக்கத்துக்கு வோல்டேஜ் ஏறி, அதில் இருப்பது எரியும். பெட்டி வாங்கும்போது நியூட்ரல் கட்டையின் திருகைக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத பித்தளைத் திருகு வரும் பெட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

கம்பத்திலிருந்து வருவது அலுமினிய வயர், உள்ளே போவது செம்பு. இரண்டையும் ஒரே டெர்மினலில் நேரடியாகச் சேர்த்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். பைமெட்டாலிக் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனை) போட்டு, அரிப்பைத் தடுக்கும் பேஸ்ட் தடவித்தான் சேர்க்க வேண்டும்.

எம்சிபி டெர்மினலில் ஒரு கண்ணி இருக்கிறது. திருகைத் திருப்பினால் மேலே ஏறும் கூண்டு மாதிரியான கிளாம்ப் அது. வயர் கூண்டுக்குள் போகாமல் அதற்குப் பின்னால் நுழைந்துவிட்டால் திருகு இறுகும், கைக்கு நன்றாகவே தெரியும், வயர் மட்டும் பிடிபட்டிருக்காது. மாட்டிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பல இழை வயர் என்றால் பின் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஊசி முனை) அடித்து மாட்டவும். ஒரு டெர்மினலில் இரண்டு வயர் திணிக்க வேண்டாம். லூஸ் கனெக்‌ஷன் சூடாகி பிளாஸ்டிக் கருகத் தொடங்கும்போது வரும் வாடை மீன் கவிச்சி போலவே இருக்கும். மீனவர் ஊரான தங்கச்சிமடத்தில் அதை யார் கண்டுகொள்வார்கள்? அடுப்படியில் கருவாடு இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் டிபி பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கவும்.

எம்சிபியில் பார்க்க வேண்டியது சில விஷயம்தான். ஐஎஸ்ஐ முத்திரை, அதன் மேல் ஐஎஸ்/ஐஇசி 60898-1, கீழே சிஎம்/எல் எண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். கட்டத்துக்குள் 10000 என்று இருந்தால் 10 கேஏ (10,000 ஆம்ப்) வரையான ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்கும் என்று பொருள். டிரான்ஸ்பார்மரிலிருந்து நீளமான லைனில் வரும் கிராமத்து வீட்டுக்கு 6000 இருந்தாலே தாராளம். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதே 10000, அதனால் இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அதற்கு மேல் விலை உயர்ந்த சீரிஸ் வாங்குவது முன்பக்க அழகுக்குத்தான்.

லெக்ராண்ட், ஷ்னைடர், ஹேவல்ஸ், எல் அண்ட் டி (2020-இல் ஷ்னைடர் கைக்கு மாறி, இப்போது லாரிட்ஸ் நட்சன் என்று வருவது) எல்லாமே இந்த வேலைக்குப் போதும். ராமநாதபுரம் கடையில் எந்தக் கம்பெனியின் ஒற்றை எம்சிபி எப்போது கேட்டாலும் கிடைக்குமோ அதைப் போடுங்கள். பஸ்பார் பல் நிற்கும் உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவசரத்துக்கு வேறு கம்பெனி எம்சிபியை நடுவில் செருகினால் பல் சரியாகப் பிடிக்காமல் அந்த இடமே சூடாகும்.

வீட்டு லைட், பிளக்குக்கு பி அல்லது சி கர்வ் (திடீர் கரண்ட் எவ்வளவு ஏறினால் உடனே விழும் என்பதைக் குறிக்கும் எழுத்து), ஏசி, மோட்டாருக்கு சி. 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயருக்கு 10 ஆம்ப், 2.5-க்கு 16, 4-க்கு 25, 6-க்கு 32 என்பது பாதுகாப்பான கணக்கு. "ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்குண்ணே, 32 போட்டு விட்ருங்க" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எம்சிபி காப்பது வயரை. 2.5 ஸ்கொயர் வயருக்கு 32 போட்டால் இனி ட்ரிப் ஆகாது, சுவருக்குள் வயர்தான் வேகும். காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். எம்சிபியின் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்கு. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் பெட்டிக்குள் 50 டிகிரி ஆனால் 32 ஆம்ப் எம்சிபி 28, 29-இலேயே தடுமாறும். இரண்டு ஏசி எம்சிபிகளை ஒட்டி ஒட்டிப் போட்டால் இன்னும் மோசம். நடுவில் ஒரு வழி காலியாக விடுங்கள். 8 வழி தேவை என்றால் 12 வழிப் பெட்டி வாங்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆர்சிசிபி (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கடலோர வீட்டுக்கு டிபி போடவே கூடாது. ஆள் உயிரைக் காக்க 30 மில்லி ஆம்ப் கசிவுக்கே விழுவது வேண்டும். இன்வெர்ட்டர் ஏசி, புதுவகை வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்கு ஏ டைப் (துடிக்கும் டிசி கசிவையும் பிடிப்பது) கேட்டு வாங்கவும். ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு பாதுகாப்பு கிடையாது, ஆகவே 40 ஆம்ப் ஆர்சிசிபிக்கு முன்னால் 32 எம்சிபி வேண்டும். உப்பு ஈரம் ஏறிய வெளி சுவிட்ச் பாக்ஸ், தோட்டத்து லைட், மோட்டார் கேபிள் ஜாயின்ட் எல்லாம் சேர்ந்து கசிந்தால் விடிகாலையில் அது விழும். விதிப்படி 15 மில்லி ஆம்புக்கு மேல் 30-க்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். பலர் எரிச்சலில் பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுவதைச் சரிசெய்ய வேண்டும். வெளி வேலைகளுக்குத் தனி ஆர்சிசிபி ஒதுக்கினால் வீட்டு பிரிட்ஜில் இருக்கும் மீன் தப்பிக்கும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்தவும். அழுத்தாமல் விட்டால் இந்தக் காற்றில் உள்ளே இருக்கும் இயக்கம் ஒட்டிக்கொள்ளும், தேவைப்படும் நேரத்தில் விழாது.

டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது. இங்கே உவர் நீர் மேலேயே கிடப்பதால் எர்த் ரெசிஸ்டன்ஸ் குறைவாகவே காட்டும், அதை நம்பி இருக்கும்போது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் மண்ணுக்குள் அரித்துப் போயிருக்கும். 2.5 மீட்டர் பைப்பை விட செம்பு பூசிய ராட் நீடிக்கும். ஜாயின்ட்டை மண்ணுக்குள் புதைக்காமல் தொட்டியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, வாசலின் தடவி விடவும்.

மோட்டாருக்கு எம்சிபியையே சுவிட்சாகப் பயன்படுத்தும் பழக்கம் இந்தப் பக்கம் அதிகம். 60898 தரம் கேட்பது 4000 தடவை போட்டு அணைக்கும் ஆயுள். காலை மாலை இரண்டு தடவை என்றால் ஐந்தரை வருஷத்தில் அந்தக் கணக்கு முடிந்தது. கூடவே மோட்டாரின் தொடக்க கரண்ட். தனி ஸ்டார்ட்டரோ மோட்டார் சுவிட்சோ போட்டு, எம்சிபியைப் பாதுகாப்புக்கு மட்டும் விடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், மெயினை அணைத்து, டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு எல்லாத் திருகையும் இறுக்க வேண்டும். கரண்ட் வீட்டுக்குள் வரும் மெயின் சுவிட்சின் மேல்முனை, மெயினை அணைத்தாலும் லைவ்தான். அது லைன்மேன் வேலை. நியூட்ரல் கட்டையில் லேசாக வாசலின் தடவலாம். எம்சிபிக்குள் எந்த ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது, லீவர் தற்காலிகமாக இளகும், பிறகு தூசி பிடித்துப் பசையாகும்.

கையில் காசு குறைவு என்றால் வெட்ட வேண்டியது எம்சிபி சீரிஸை, கண்ணாடிக் கதவை, கம்பெனிப் பெயர்ப் பலகையை. ஆர்சிசிபி, பித்தளைத் திருகு, லக், எர்த் ராட் நான்கையும் தொடாதீர்கள். மதுரை மொத்தக் கடையில் எம்ஆர்பியிலிருந்து நல்ல கழிவு கிடைக்கும். ஆனால் நம்பமுடியாத கழிவு தந்தால் சிஎம்/எல் எண்ணை அங்கேயே நின்று ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கவும். ஒரு 16 ஆம்ப் எம்சிபியைக் கூடுதலாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வீட்டில் வைத்திருப்பதும் நல்லது. புயல் நேரத்தில் பாம்பன் பாலம் தாண்டிக் கடைக்குப் போக முடியாது.