சிலேத்தார் மாலை வெயிலுக்கு எந்த வைசர்?

சிங்கப்பூரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். செஸ்னா 172 போல இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் அப்போது இறக்கையே குடை. தொல்லை மாலை ஐந்தரைக்கு மேல்தான். சிலேத்தார் விமான நிலையத்தில் ஓடுபாதை 21-இல் இறங்க வரும்போது விமானத்தின் மூக்கு திசைகாட்டியில் சுமார் 210 பாகையில் இருக்கும். டிசம்பர் சூரியன் மறைவதோ 247 பாகை பக்கம். ஆக வெயில் நேர் எதிரே இல்லை, வலது முன்மூலையிலிருந்து கண்ணைக் குத்தும். விமானியின் கண்முன் வெயிலை மறைக்கும் வைசர் எதையும் நான் எடைபோடுவது இந்த ஒரு மூலையை வைத்துத்தான்.

பழைய விமானங்கள் பலவற்றில் இருப்பது ஒளி புகாத தகடு. வெயிலை நன்றாகவே மறைக்கும், கூடவே வானத்தையும் மறைத்துவிடும். எதிரே வரும் விமானம் அதே மூலையில் இருந்தால்? வயதானால் பிடிமானம் தளர்ந்து, சின்னக் குலுக்கலுக்கே நம் மூக்கின் மேல் வந்து விழும். திருகை இறுக்கிக் கொஞ்ச காலம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

மடங்கும் கையோடு வரும் சாயத் தகடுதான் என் தேர்வு. அமெரிக்காவின் ரோசன் நிறுவனம் இந்த வகையில் பேர்போனது. முன்னே, பக்கவாட்டில், மேலே என்று எங்கே திருப்பினாலும் அங்கேயே நிற்கும். ஊடே பார்க்கவும் முடியும். விலை பல நூறு அமெரிக்க டாலர். விமானத்தில் நிரந்தரமாகப் பொருத்துவதால் அந்த மாடலுக்கான ஒப்புதல் தாள் வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பொருத்தியதும் எல்லாப் பக்கமும் சுழற்றிப் பாருங்கள்: ஹெட்செட்டில் இடிக்கக் கூடாது, திசைகாட்டியை மறைக்கக் கூடாது.

வாடகை விமானத்தில் பறப்பவர்களுக்குப் பசையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் சாயத் தாள் போதும். மலிவு, பையில் சுருட்டி வைக்கலாம், சரியாக அந்த வலது மூலையிலேயே ஒட்டலாம். ஆனால் தூசி பட்டால் ஒட்டாது. தண்ணீரில் அலசிக் காயவைத்தால் மறுபடி பிடிக்கும். உறிஞ்சு கிண்ணத்தில் தொங்கும் வகையை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெயிலில் கிண்ணம் இளகி, ஒருமுறை இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் என் மடியில் விழுந்தது. அந்த நேரத்தில் குனிந்து தேடுவதா, விமானத்தை ஓட்டுவதா?

காருக்கு ஒட்டும் சோலார் ஃபிலிமை விமானத்துக்கும் ஒட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். கார்க் கண்ணாடி நிஜக் கண்ணாடி. நம்முடையது பெரும்பாலும் அக்ரிலிக். அந்தப் பசையும் தேங்கும் சூடும் அதைக் கெடுத்துவிடும்.

இனிப் பராமரிப்பு. தகடு அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கில் விழும் சின்னக் கீறலை மெருகேற்றி எடுத்துவிடலாம். பாலிகார்பனேட் எளிதில் உடையாது. ஆனால் மேற்பூச்சு போட்டதை மெருகேற்றப் போனால் பூச்சுதான் போகும். இரண்டுக்குமே அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது, நுண்வெடிப்பு விட்டு மங்கிவிடும். முதலில் தண்ணீரால் தூசியை நனைத்து எடுத்து, பிறகு மெல்லிய சோப்புத் தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி. டிஷ்யூ பேப்பர் கூடாது. வட்டமாகத் துடைக்காமல் மேலும் கீழுமாகத் துடையுங்கள். வட்டக் கீறல் வெயிலில் ஒளிவட்டமாகத் தெரியும்.

சாயத் தகட்டோடு போலராய்ட் குளிர்கண்ணாடியும் போட்டால் அக்ரிலிக்கில் வானவில் திட்டுகள் தெரியும், விமானத்தின் சில மின்திரைகள் கறுத்தே போகும். சாதாரணக் குளிர்கண்ணாடி போதும்.

எங்கள் விமானத்துக்குக் கேடு வந்தது வேறு வழியில். டெங்கிக்குப் பயந்து கொசு மருந்தைக் கையில் பூசிக்கொண்டு நேரே ஏறி வைசரைப் பிடித்து இழுத்துவிட்டேன். அதிலிருந்த டீட் என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மெக்கானிக் அண்ணன் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அழுக்கு இல்ல, உன் கட்டைவிரல்” என்றார். ரேகை அப்படியே பதிந்திருந்தது. வைசரின் மடங்கும் கையைக் கழற்றாமல் தகட்டை மட்டும் மாற்றலாமாம். புதுத் தகடு வரும்வரை, வெயில் சாயும்போதெல்லாம் ஓடுபாதைக்குச் சற்று வலப்பக்கம் என் விரல் ரேகையும் தெரிகிறது.