ஸ்ட்ரெஸ் காட்டுற, கையில கட்டுற பேண்ட்: 8 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன், 3 ஸ்டார்

என் பொண்ணுக்கு 15 வயசு. தன்னைத்தானே காயப்படுத்திக்கிறான்னு தெரிய வந்தப்போ ஆடிப்போயிட்டோம். கவுன்சிலிங் ஆரம்பிச்சாச்சு, ஆனாலும் எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, அப்போதான் "ஸ்ட்ரெஸ் ஏறும்போதே உங்க போனுக்கு அலர்ட்"னு இந்த பேண்ட் விளம்பரம் கண்ல பட்டுச்சு, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே ஆர்டர் போட்டுட்டேன். அது என் தப்பு, பேண்ட் தப்பு இல்ல.

அடியில இருக்கிற பச்சை லைட் நாடியைப் பிடிக்குது, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி எவ்வளவு மாறுதுன்னு கணக்கு போடுது. நிம்மதியா இருக்கும்போது, மூளையில இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு இதயத்தை இழுத்துப் பிடிச்சு விடும், அதனால துடிப்பு மூச்சோட சேர்ந்து கொஞ்சம் முன்ன பின்ன ஆடும். டென்ஷன்ல அந்த ஆட்டம் குறையும். அவ்ளோதான் மேட்டர். டப்பா மேல ஸ்ட்ரெஸ் ஹார்மோன்னு பெருசா போட்டிருக்கான், ஆனா அந்த ஹார்மோனை, அதாவது கார்டிசாலை, இப்படி லைட் அடிச்சு அளக்க முடியாதுங்க, அதுக்கு எச்சில், ரத்தம் மாதிரி ஏதாவது வேணும்.

முதல் வாரம் சாயங்காலம் சிவப்பு அலர்ட். அடுப்பை அப்படியே விட்டுட்டு மாடிக்கு ஓடுனா, "ஸ்கிப்பிங் ஆடுறேன்மா, என்னாச்சு உனக்கு?"ன்னு மூச்சு வாங்கிட்டே கேக்குறா. காபி, காய்ச்சல், தூக்கம் கெட்டது, எல்லாமே இதுக்கு ஸ்ட்ரெஸ்தான்.

இதைக்கூட பொறுத்துக்கலாம். நிஜமாவே மோசமா போன அன்னிக்கு ஸ்ட்ரெஸ் இல்லன்னு நாள் பூரா பச்சைதான் காட்டுச்சு! கவுன்சிலர்கிட்ட போய் புலம்புனேன், அவங்க பொறுமையா சொன்னாங்க. ஸ்ட்ரெஸ் ஏத்திப் பாக்குறதுக்குன்னு 1993ல வந்த ஒரு டெஸ்ட் இருக்காம், முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழு முன்னாடி 5 நிமிஷம் பேசணும், அப்புறம் 5 நிமிஷம் 1022ல இருந்து 13 13ஆ கழிச்சிட்டே வரணும், தப்புனா முதல்ல இருந்து. இந்த மாதிரி டெஸ்ட்ல, தன்னைக் காயப்படுத்திக்கிற பிள்ளைங்களுக்கு கார்டிசால் மத்தவங்க அளவுக்கு ஏறலன்னு சில ஆய்வு சொல்லுது, வேற மாதிரி டாஸ்க் குடுத்த ஆய்வுல தோல் வியர்வை சிக்னல் மத்தவங்களை விட அதிகமா எகிறியிருக்கு. ஒரு உடம்பு கத்துது, இன்னொரு உடம்பு மரத்துப் போகுது, பச்சைன்னா பத்திரம்னு அர்த்தம் இல்ல. 50 வருஷ ஆய்வுகளை 2017ல மொத்தமா அலசிப் பாத்ததுலயே, தெரிஞ்ச ரிஸ்க் காரணங்களை வச்சு யார் தற்கொலைக்கு முயற்சி பண்ணுவாங்கன்னு முன்கூட்டி சொல்றது காசு சுண்டிப் பாக்குறதை விட கொஞ்சம்தான் பரவால்லன்னு வந்துச்சாம், இந்த ரப்பர் பட்டை என்ன சொல்லிடப் போகுது? பயமா இருந்தா பிள்ளைகிட்ட நேரா கேட்டுடுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாதுன்னும் அவங்கதான் சொன்னாங்க.

அப்போ 3 ஸ்டார் எதுக்கு? மூச்சுப் பயிற்சி மோட் நல்லா இருக்கு, நிமிஷத்துக்கு 6 மூச்சு கணக்குல கையில மெதுவா அதிரும், கிளாஸ்ல உக்காந்துட்டே பண்ணலாம், பக்கத்துல இருக்கிறவளுக்குக்கூட தெரியாது. கவுன்சிலர் சொல்லிக்குடுத்த மாதிரி முகத்தை சில்லு தண்ணில முக்குனா துடிப்பு இறங்குறதை அவளே கிராஃப்ல பாத்துட்டு "அம்மா இங்க வாயேன்"னு கூப்ட்டு காட்டுனா, அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு (இதயக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க). தூக்கக் கணக்கும் ஓரளவு சரியாத்தான் காட்டுது. "நேத்து 4 மணி நேரம்தான் தூங்கிருக்கேன், இன்னிக்கு என்கிட்ட பாத்துப் பேசு"ன்னு காலைலயே சொல்லிட்டுப் போறா.

என் போனுக்கு வர்ற அலர்ட்டை அவ கேட்டு நிறுத்தியாச்சு. அதை நிறுத்துற பட்டன் செட்டிங்ஸ்ல எங்கயோ அடியில கிடக்கு, கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு, அதுக்கு ஒரு ஸ்டார் கட். இன்னொண்ணு அந்த டப்பா மேல இருக்கிற ஹார்மோன் பொய்க்கு.