ரைசினா டயலாக்: வீட்டிலிருந்து யூடியூபில் பார்ப்பவர்களுக்காக ஒரு ரிவ்யூ

சென்னையில் யுபிஎஸ்சி மாணவர்களுக்குச் சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். அதனால் வருடா வருடம் டெல்லியில் நடக்கும் ரைசினா டயலாக்கை உட்கார்ந்து பார்ப்பது எனக்கு வேலையோடு சேர்ந்துவிட்டது. "சார், இதுல எதைப் பார்க்கலாம், எதை விட்டுடலாம்?" என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: 2016 மார்ச்சில் தொடங்கியது, வெளியுறவையும் உலக அரசியலையும் பற்றிப் பல நாட்டவர் கூடிப் பேசும் மூன்று நாள் நிகழ்ச்சி. அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன், சுருக்கமாக ஓஆர்எஃப் என்ற சிந்தனைக் குழுவும் (கொள்கைகளை ஆராயும் நிறுவனம், திங்க் டேங்க்) நம் வெளியுறவு அமைச்சகமும் சேர்ந்து நடத்துகின்றன. குடியரசுத் தலைவர் மாளிகை இருக்கும் குன்றின் பெயர்தான் ரைசினா. பார்க்கக் காசு கிடையாது, ஓஆர்எஃப்பின் யூடியூப் சேனலிலேயே அமர்வுகள் வந்துவிடும். இங்கிலீஷ் புரிந்தால் போதும்.

இதை வெறும் பேச்சு மேடை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் பாதி விஷயம் பிடிபடாது. ஓஆர்எஃப்புக்கு வெளிநாட்டுச் சிந்தனைக் குழுக்களோடு பல வருடப் புழக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் சிஎஃப்ஆர் என்ற சிந்தனைக் குழு 2012இல் கவுன்சில் ஆஃப் கவுன்சில்ஸ் என்று பல நாட்டு நிறுவனங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு தொடங்கியது, அதில் ஓஆர்எஃப்பும் இருக்கிறது. ஜெர்மனியின் ட்சைட் அறக்கட்டளையோடு சேர்ந்து இளம் தலைமுறைக்கு ஒரு பயிற்சித் திட்டம். 2023இல் இந்தியா ஜி20க்குத் தலைமை வகித்தபோது, ஜி20 நாடுகளின் சிந்தனைக் குழுக்கள் கூடும் டி20க்குச் செயலகம் இவர்கள்தான். அதே வருடம் பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஏஎஸ்பிஐ என்ற சிந்தனைக் குழுவோடு சேர்ந்து சிட்னியிலேயே ஒரு ரைசினா நடத்தினார்கள். இந்தப் பழக்கத்தின் பலன் திரையில் தெரியும். நல்ல அமர்வுகளில் எதிரும் புதிருமாக இருப்பவர்கள் அறிமுகப் பேச்சில் நேரத்தைக் கரைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு 2018 ஜனவரி அமர்வு. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மணிலாவில் க்வாட் நாடுகளின் (இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா) அதிகாரிகள் பத்து வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி சந்தித்திருந்தார்கள். அரசுகள் அதைப் பற்றி வாய் திறக்கவே தயங்கிக்கொண்டிருந்த நேரம். இங்கே பார்த்தால் இந்தியக் கடற்படைத் தளபதி லான்பா, அமெரிக்காவின் பசிபிக் கமாண்ட் தலைவர் ஹாரிஸ், கூடவே ஜப்பான், ஆஸ்திரேலியத் தளபதிகள், எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசு அழைத்துச் செய்திருந்தால் அது பெரிய அறிவிப்பாகியிருக்கும். ஒரு சிந்தனைக் குழுவின் மேடை என்பதால் கலந்துரையாடல் என்ற பெயரில் நடந்து முடிந்தது. அரசுகள் ஏன் இந்த நிறுவனங்களைத் தேடி வருகின்றன என்று வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அந்த வரிசையைக் காட்டினாலே போதும்.

அப்புறம் 2023 மார்ச் 3. காலத்துக்கும் நான் போட்டுக் காட்டப்போகும் நாள் அது. அமெரிக்காவின் பிளிங்கன், ஆஸ்திரேலியாவின் பென்னி வாங், ஜப்பானின் ஹயாஷி, நம் ஜெய்சங்கர் என நான்கு க்வாட் வெளியுறவு அமைச்சர்களும் மேடையேறிய அதே நாளில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவும் வந்து உட்கார்ந்தார். உக்ரைன் போரைத் தங்கள்மேல் தொடுக்கப்பட்ட போர் என்று அவர் சொல்ல, அவையில் சிரிப்பு வெடித்தது. அவர் ஒரு நொடி நின்று, பிறகுதான் தொடர்ந்தார். செய்திகளில் அந்தச் சிரிப்பு மட்டும்தான் ஓடியது. முழு வீடியோவைப் பாருங்கள், ஈராக்கை இழுத்து அமெரிக்காவின் இரட்டை அளவுகோலைப் பற்றி அவர் பேசும்போது அதே அவையில் கைதட்டலும் கேட்கும். டெல்லியின் மனநிலை என்னவென்று அந்த இரண்டு சத்தமும் சேர்ந்துதான் சொல்கின்றன. துண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பதில் எழுதும் மாணவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான்.

இனி குறைகள். முதல் நாள் தொடக்க விழா உரைகள் எனக்கு ஒத்துவரவில்லை. 2018இல் இஸ்ரேலின் நெதன்யாகு, 2023இல் இத்தாலியின் மெலோனி, 2024இல் கிரேக்கப் பிரதமர் மித்சோடாகிஸ் என்று வந்தவர்கள் பெரிய ஆட்கள்தான். ஆனால் எழுதி வைத்த உரை, நன்றி, நட்பு, மறுபடி நன்றி. தாண்டிப் போய்விடலாம். இன்னொன்று, ஆறேழு பேரை ஒரே மேடையில் நெருக்கி உட்காரவைக்கும் அமர்வுகள். ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, சூடுபிடிக்கும் நேரத்தில் நெறியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. வெளியுறவு அமைச்சகமே கூட்டாளியாக இருப்பதால் பெரிய பெரிய விருந்தினர்கள் வருகிறார்கள், சரி. ஆனால் ஐரோப்பாவிடமும் அமெரிக்காவிடமும் கேட்கப்படும் அளவுக்குக் காட்டமான கேள்வி இந்தியாவின் கொள்கையைப் பற்றி எழுவதை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் 2002லிருந்து லண்டனின் ஐஐஎஸ்எஸ் என்ற சிந்தனைக் குழு நடத்தும் ஷாங்ரி-லா டயலாக் என்ற பாதுகாப்பு மாநாட்டோடு ஒப்பிட்டால் இது நன்றாகத் தெரியும். அங்கே பாதுகாப்பு அமைச்சர் பேசி முடித்ததும் கேள்விகள் வரிசையாக வரும், சீன ராணுவ அதிகாரிகளே எழுந்து நின்று அமெரிக்க அமைச்சரை மடக்குவார்கள். முக்கிய உரைகளை எழுத்து வடிவிலும் போட்டுவிடுகிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ரைசினாவில் ஒரு வரியைத் தேடி நாற்பது நிமிட வீடியோவை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் கேள்வி கேட்க இடம் கொடுக்கிற மேடை என்பதே பெரிய விஷயம். சில வருடம் முன்பு இங்கே ஒரு கல்வி நிறுவனத்தில், வெளிநாட்டு ஆய்வு மையம் ஒன்றோடு ஒப்பந்தம் என்று கூப்பிட்டார்கள், எட்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனேன். குத்துவிளக்கு, பொன்னாடை, கையெழுத்து, போட்டோ. ஒரு மணி நேரம் ஆயிற்று. இலங்கைக் கடனைப் பற்றி ஒரு பெண் கேள்வி எழுதி வைத்திருந்தாள், கேட்க நேரம் தரவில்லை. பேருந்தில் திரும்பும்போது அந்தத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒப்பந்தம் போடுவதில் தப்பில்லை, அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட்டுப் பேச வேண்டும்.

இன்னொரு ஏக்கமும் இருக்கிறது. பாக் நீரிணை மீனவர் பிரச்சினையும் வளைகுடாவில் வேலை செய்பவர்களின் பாடும் வெளியுறவுக் கொள்கைதான். நான் பார்த்த அமர்வுகளில் இந்தோ-பசிபிக்கும் செமிகண்டக்டரும் பேசப்பட்ட அளவில் ஒரு பங்குகூட இவை பேசப்படவில்லை. இந்தத் துறையை இந்தியாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவரே திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். டெல்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐடிஎஸ்ஏவின் இயக்குநராக நீண்ட காலம் இருந்தவர், ஜெய்சங்கரின் அப்பா. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தூரத்து விஷயம் இல்லை. முக்கிய அமர்வுகளுக்காவது தமிழ் சப்டைட்டில் வந்தால் என் வகுப்பில் பாதிப்பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். முதல்முறை பார்ப்பவர்கள் 2022 ஏப்ரலில் ஜெய்சங்கர் பேசிய அமர்விலிருந்து ஆரம்பியுங்கள். உக்ரைனைப் பற்றி நார்வே, லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர்கள் அவையிலிருந்து கேட்கிறார்கள். அவர் ஆப்கானிஸ்தானைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஆசியாவில் விதிகள் மீறப்பட்டபோது ஐரோப்பா எங்களுக்குச் சொன்ன அறிவுரை இன்னும் வணிகம் செய்யுங்கள் என்பதுதானே என்று திருப்பிக் கேட்கிறார். பதிலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், கேட்டவர்களின் கேள்வியையும் ஒருமுறை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.